சாவுக்கு முன்பதிவு இல்லை

மலிவாக விமானப் பிரயாணம் செய்வது எப்படி என்று சொல்லித் தருகிறவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. பத்திரிகையைப் பிரித்தால் ஒருவர் சொல்லுகிறார்; கைப்பேசியைத் திறந்தால் இன்னொருவர் சொல்லுகிறார்; கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் பாயசம் வருகிற வரைக்கும் அதையேதான் சொல்லுகிறார். மூன்று மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கு. வெள்ளி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதனில் புறப்படு. விடியற்காலை விமானமாகப் பார். பள்ளிக்கூட விடுமுறையைத் தவிர். கைப்பெட்டியை 7 கிலோவுக்குள் அடக்கு. ஜன்னலோரம் கேட்காதே. இட்டிலியை வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போ.

இதில் ஒன்றும் பொய் இல்லை. நானும் இவற்றை அனுசரிக்கிறவன்தான். மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியை முப்பதாயிரம் அடி உயரத்தில் தின்று ருசி கண்டவன்தான். என்னுடைய சண்டை இந்த யோசனைகளோடு அல்ல. இவை எல்லாவற்றுக்கும் அடியில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு நிபந்தனை, அதனோடுதான் என் சண்டை. எப்போது போகப் போகிறாய் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை.

யாருக்கு அது தெரியும்? தேனிலவுக்குப் போகிறவனுக்குத் தெரியும். கோடைக்குக் குலு மணாலி போகிற குடும்பத்துக்குத் தெரியும். முகூர்த்தம் குறித்த வீட்டுக்குத் தெரியும். யாருக்குத் தெரியாது? அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று நடுராத்திரியில் செய்தி கேட்டவனுக்குத் தெரியாது. நாளை மறுநாள் நேர்முகப் பேட்டிக்கு வா என்று கடிதம் கிடைத்த பெண்ணுக்குத் தெரியாது. தகப்பன் செத்துப் போனான் என்று கேள்விப்பட்டவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. சாவுக்கு முன்பதிவு இல்லை.

ஆக, நாம் மலிவு என்று கொண்டாடுகிற இந்த ஏற்பாட்டில், சந்தோஷமாகப் போகிறவன் குறைவாகக் கொடுக்கிறான். அழுதுகொண்டு போகிறவன் மூன்று மடங்கும் நான்கு மடங்கும் கொடுக்கிறான். இதை அநியாயம் என்று நான் சொல்லுகிறேன். 'சந்தை நிலவரம்' என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டால் அநியாயம் நியாயமாகிவிடுமா?

இதைச் சொன்னவுடன் சில பெரிய மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள். "பார்த்தீர்களா, மலிவு விமானம் என்பதே மோசம்! விமான நிலையம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது!" என்று என் தோளில் கை போட வருவார்கள். அந்தக் கையை முதலில் எடுத்துவிட்டுத்தான் நான் மேலே பேச வேண்டும். 2009-இல் மத்திய மந்திரிசபையில் இருந்த ஒருவர், சாதாரண வகுப்புக்கு 'மாட்டு வகுப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பகிரங்கமாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதே வார்த்தையை வேடிக்கை இல்லாமல் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுகிறவர்கள் எத்தனை பேர்! மஞ்சள் பையும் எவர்சில்வர் தூக்குமாக ஒரு கிழவி விமானத்தில் ஏறி, இடுப்புப் பட்டையைப் போடத் தெரியாமல் திகைக்கும்போது முகத்தைச் சுளிக்கிறவர்களோடு எனக்கு ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் கிழவி ஏறியதுதான் விமானம் கண்டுபிடித்த பயன்.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். முதல் ஐம்பது வருஷம் ஆகாயம் பணக்காரர்களின் சொத்தாகவே இருந்தது. கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடிக் கட்டணத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டன. அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் 'டூரிஸ்ட்' வகுப்பு என்று ஒன்றை அனுமதிக்கவே 1952 வரைக்கும் ஆயிற்று. 1958-இல் அதைவிடக் குறைந்த வகுப்பு வந்தபோது, அதில் போகிறவனுக்கு சாண்ட்விச்சுக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். ஸ்காண்டிநேவியக் கம்பெனி கொடுத்த சாண்ட்விச் கொஞ்சம் தாராளமாக இருந்தது. அமெரிக்கக் கம்பெனி அதன் மேல் புகார் செய்தது. ரொட்டித் துண்டின் மேல் எவ்வளவு மாமிசம் வைக்கலாம் என்று கனவான்கள் உட்கார்ந்து வழக்குப் பேசினார்கள். ஏழை வயிறு நிறையத் தின்றுவிடக் கூடாதே என்கிற கவலை எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் இருப்பதுதான்!

இந்தக் கோட்டையை உடைத்தவர்கள் சிலர். அந்தக் கட்டண ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற ஐஸ்லாந்து நாட்டு லோஃப்ட்லெய்டிர் கம்பெனி, ரெய்க்யாவிக்கில் இறங்கி ஏறுகிற மெதுவான விமானத்தில் மாணவர்களைக் குறைந்த பணத்துக்கு ஐரோப்பா கொண்டுபோயிற்று. நாளைக்கு 5 டாலரில் ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று 1957-இல் ஆர்தர் ஃப்ராம்மர் புஸ்தகம் போட்டார். பிறகு 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்கிற இங்கிலீஷ்காரர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனில் விமானம் விட்டார்.

லேக்கர் அதை எப்படிச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பதிவே கிடையாது. அன்றைக்கு வந்து, வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, அன்றைக்கே ஏற வேண்டும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. அடுத்த வருஷக் கோடையில் கூட்டம் தாங்காமல் ஜனங்கள் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தார்கள். கஷ்டம்தான். ஆனால் அந்த வரிசையில் உல்லாசத்துக்குப் போகிற மாணவனும், சாகக் கிடக்கிற தாயைப் பார்க்கப் போகிற மகனும் அதே 59 பவுனைத்தான் கொடுத்தார்கள். 'உனக்கு எவ்வளவு அவசரம்?' என்று மோப்பம் பிடித்து விலை சொல்லுகிற வேலை அங்கே இல்லை.

அதே 1977-இல் அமெரிக்காவில் இன்னொரு மலிவு பிறந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்று ஒரு கட்டணம் அறிவித்தது. விலை நிஜமாகவே குறைவு. ஆனால் பல நாள் முன்னதாகப் பணம் கட்ட வேண்டும். போன இடத்தில் குறிப்பிட்ட நாள் தங்கியாக வேண்டும். பிற்பாடு 'சனிக்கிழமை இரவு அங்கே தங்கினால்தான் இந்த விலை' என்கிற நிபந்தனையும் பிரசித்தி பெற்றது. சனிக்கிழமை ராத்திரிக்கும் விமான எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அது ஆளைப் பிரிக்கிற சல்லடை. உல்லாசப் பிரயாணி சனிக்கிழமை தங்குவான். வேலையாக வந்தவன் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு ஓடுவான். ஓடுகிறவனிடம் அதிகம் பிடுங்கலாம்.

இதற்குக் கணக்கும் தயாராக இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனியான பி.ஓ.ஏ.சி.யில் இருந்த கென் லிட்டில்வுட் 1972-இலேயே அதை எழுதிவிட்டார். கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்க ஒருவன் வருவான் என்று எதிர்பார்க்கிற வரவு, இன்றைக்கு மலிவாக விற்றால் கிடைக்கிற வரவைவிட அதிகமாக இருக்குமானால், மலிவு விற்பனையை நிறுத்திவிடு. இதுதான் சூத்திரம். அதாவது, ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாதவன் ஒருவன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிரு.

இரண்டு மலிவுகளில் எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடனும், டாலரின் ஏற்றமும், போட்டிக் கம்பெனிகளின் விலைக் குறைப்பும் சேர்ந்து லேக்கரை 1982 பிப்ரவரியில் கவிழ்த்தன. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கி, எளிமையான குறைந்த கட்டணத்தில் ஓடிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் கம்பெனியை, 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தச் சல்லடைக் கணக்கை வைத்தே அடித்தது. 1987 தொடக்கத்தில் அந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. இன்றைக்கு உலகம் பூராவும் மலிவு என்றால் இரண்டாவது மலிவுதான். முதலாவது எல்லோருக்கும் கதவைத் திறந்தது. இரண்டாவது, கதவைத் திறந்துவிட்டு வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவன் முகத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறது.

நம் தேசத்துக்கு வருவோம். 1953-இல் விமானக் கம்பெனிகள் தேசிய மயமாயின. 1994-இல் அந்தச் சட்டம் நீங்கியது. 2003-இல் ஹாசன் ஜில்லா கோரூர்க்காரரான ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி காப்டன் கோபிநாத், ஏர் டெக்கான் தொடங்கினார். ஆர். கே. லக்ஷ்மணின் 'சாமானிய மனிதன்' அதன் சின்னம். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றார். எத்தனையோ குடும்பங்களில் முதல் முதலாக விமானம் ஏறியவர்கள் அந்த நாட்களில்தான் ஏறினார்கள். அந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2020-இல் வந்த 'சூரரைப் போற்று' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நம் எல்லோரையும் கலங்கடித்த காட்சி எது? தகப்பன் சாகக் கிடக்கிறான். மகன் விமான நிலையத்தில் நிற்கிறான். டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. முன்பின் தெரியாத பிரயாணிகளிடம் கையேந்துகிறான். அந்த அவமானத்திலிருந்துதான் அந்தக் கதையில் மலிவு விமானம் பிறக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினோம்.

இப்போது நான் கேட்கிறேன். மலிவு விமானம்தான் வந்துவிட்டதே, அந்த மகன் இன்று விமான நிலையத்துக்கு வந்தால் அவனுக்கு என்ன விலை சொல்லுவார்கள்? ஒரு ரூபாயா? அன்றைய விமானத்தில் மிக அதிகமான விலை எதுவோ, அதைத்தான் சொல்லுவார்கள். பக்கத்து நாற்காலியில் கோவாவுக்குப் போகிறவன், அவன் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். யாருக்காக அந்தப் புரட்சி நடந்ததாகப் படம் சொல்லிற்றோ, அவன் ஒருவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதன் பலன் கிடைத்துவிட்டது!

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தில்லியில் கணக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 30,000-க்குள். ஆடி மாதம் ஊருக்கு வந்துபோக மதுரை வரை ஒரு வழிக்கு 6,000 ரூபாய்போல் கொடுத்தார். ஐப்பசியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் திருநெல்வேலியில் தகப்பனார் காலமானார். மறுநாள் காலை விமானத்துக்கு 19,000 ரூபாய். அந்த விலைக்குக் கீழே, 'இன்னும் 2 இருக்கைகளே மீதம், விரைந்து வாங்குங்கள்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே, கால் நீட்ட இடமுள்ள இருக்கை வேண்டுமா என்று ஒரு கேள்வி. அவர் பணம் புரட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்: "தம்பி, எத்தனை மணிக்கு வந்து சேருவே? எடுக்கிறதுக்கு நேரம் சொல்லணும். ஐஸ் பெட்டிக்கு ஆள் கேட்குறான்."

கதை எழுதுகிறவன் நான். எத்தனையோ ஈவிரக்கமற்ற மனிதர்களைக் கற்பனை செய்து எழுதியிருக்கிறேன். ஆனால் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, உள்ளே கேட்கிற அழுகையின் அளவைப் பார்த்து விலை ஏற்றுகிற பாத்திரம் ஒன்றை எழுதினால், "இது அதீதம், ஸார்" என்று என் வாசகர்களே கடிதம் போடுவார்கள். அதையேதான் யந்திரம் செய்கிறது. யந்திரம் செய்வதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

ஆட்சேபணைகளைக் கேட்கிறேன். "கடைசி நேரத்தில் வருகிறவனுக்கு என்று ஒரு நாற்காலியை விற்காமல் வைத்திருப்பதே ஒரு சேவை. அது வீணாய்ப் போனால் நஷ்டம். அதற்கு விலை உண்டு" என்கிறார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். பாதி ஒப்புக்கொள்ளுகிறேன். கம்பெனிச் செலவில் பறக்கிற மானேஜரிடம் அந்த விலையைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்த மானேஜரையும், கொள்ளி வைக்கப் போகிற மகனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். ஒருவனுடைய அவசரத்தில் லாபம் இருக்கிறது. மற்றவனுடைய அவசரத்தில் இழப்புத்தான் இருக்கிறது.

"விலை ஏறினால்தான் நிஜமாகவே தேவைப்படுகிறவனுக்கு இடம் கிடைக்கும்" என்பது அடுத்த வாதம். விலை எதை அளக்கிறது? தேவையையா, சட்டைப்பையையா? கிரிக்கெட் பார்க்கப் போகிற லட்சாதிபதிக்கு 19,000 ஒரு பொருட்டல்ல. கணக்கு எழுதுகிறவருக்கு அது அரை மாதச் சோறு. இருவரில் யாருக்குத் தேவை அதிகம் என்று அந்த விலை எப்படிச் சொல்லும்?

"ரயிலில் போகட்டுமே!" என்பார்கள். தில்லியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வந்து சேர்வதற்குள் பாலே தெளித்துவிடுவார்கள். அதோடு, இந்த வியாதி ரயிலுக்கும் தொற்றிவிட்டது. 1997-இல் தட்கல் வந்தது; 2014-இல், இடம் குறையக் குறைய விலை ஏறுகிற பிரீமியம் தட்கல் வந்தது; 2016-இல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் கட்டணம் ஏணி ஏறத் தொடங்கிற்று. ஏழைகளின் வாகனம் என்று பெயர் எடுத்த ரயிலே விமானத்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது.

"சலுகை கொடுத்தால் ஒவ்வொருவனும் ஒரு பாட்டியைச் சாகடிப்பானே!" என்பது கடைசி ஆயுதம். நம் ஜனங்களைப் பற்றி என்ன உயர்ந்த அபிப்பிராயம்! புற்றுநோய்க்காரர்களுக்கு வைத்தியச் சான்றிதழின் பேரில் ரயில்வே எத்தனையோ வருஷமாகச் சலுகை கொடுத்து வந்திருக்கிறது. அதற்காக ஊரெல்லாம் புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டா அலைந்தது? இறப்புச் சான்றிதழ் என்று ஒன்றைச் சர்க்கார் கொடுக்கிறது; அதில் எண் இருக்கிறது. முதலில் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வா, முப்பது நாளில் அதைக் காட்டு, மிச்சத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லுவதில் என்ன கஷ்டம்? வெளிநாடுகளில் இதற்குத் துக்கக் கட்டணம் என்றே பெயர் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை 2014-இல் கைவிட்டது. ஆனால் கனடாவில் அது நிலைத்தது. அங்கே ஒருவர் பாட்டி இறந்ததற்குப் போனபோது, ஏர் கனடாவின் பதில் சொல்லும் யந்திரம், டிக்கெட் வாங்கிய பிறகும் சலுகை கேட்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. யந்திரம் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. 2024-இல் நடுவர் மன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, பணத்தைக் கொடு என்று தீர்ப்புச் சொல்லிற்று. யந்திரத்தின் முதுகுக்குப் பின்னால் முதலாளி ஒளிய முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஊரில் விலை ஏற்றுகிற யந்திரத்துக்கும் அது பொருந்தாதா?

நான் கேட்பது ஆகாததும் அல்ல, புதியதும் அல்ல. 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 135-ஆவது விதி, கட்டணத்தைக் கம்பெனியே நிர்ணயிக்கலாம் என்று சொல்லும்போதே, இயக்கச் செலவையும் 'நியாயமான லாபத்தையும்' கருதி நிர்ணயிக்க வேண்டும் என்றது. கொள்ளை நோய்க் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரையில், பறக்கிற நேரத்துக்கு ஏற்றபடி கட்டணத்துக்குத் தரையும் கூரையும் போட்டது சர்க்கார். கம்பெனிகள் பறந்துகொண்டுதான் இருந்தன. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, மற்ற டிக்கெட்டுகளின் விலை ஆகாயத்துக்கு ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். ஒரே நாளில் கட்டினார்கள். லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் ஆபத்து வந்தால் அது நெருக்கடி. லட்சம் பேருக்குத் தனித்தனியே, தினம் ஒரு வீடாக வந்தால் அது சந்தை நிலவரம். இது என்ன தர்மம்?

சில நாற்காலிகளைத் தனியே எடுத்து வைத்து, கட்டுப்பாடான விலைக்குக் கொடுப்பதும் நமக்குத் தெரியாத வித்தை அல்ல. 2016-இல் அறிவித்து 2017-இல் பறக்கத் தொடங்கிய 'உடான்' திட்டத்தில், சுமார் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாமல், விமானத்தில் பாதி இருக்கைகளை ஒதுக்க ஏற்பாடு செய்தார்கள். 2018 மார்ச்சில் சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானம் வந்தது அந்த ஏற்பாட்டில்தான். ஊர்களுக்காகப் பாதி விமானத்தை ஒதுக்க முடிந்தது. துக்கத்துக்காக நாலே நாலு நாற்காலி ஒதுக்க முடியாதா? இலவசமாகக் கேட்கவில்லை. தர்மமாகவும் கேட்கவில்லை. அந்த விமானத்தில் மற்றவர்கள் கொடுத்த கட்டணத்தின் சராசரியைக் கொடுக்கிறோம் என்கிறோம். நாலு நாற்காலியும் நிரம்பவில்லையா? புறப்படுகிற நாளன்று காலையில் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளட்டும்.

இதைச் சட்டமாக்க வேண்டும். கம்பெனிகளின் கருணைக்கு விட்டால் நடக்காது. கருணை இருக்கிற முதலாளி ஒருவன் முதலில் இதைச் செய்தால், கருணை இல்லாத போட்டிக்காரன் அவனை விலையில் அடித்துவிடுவான். பீப்பிள் எக்ஸ்பிரஸின் கதை நமக்குச் சொல்லுவது அதுதான். எல்லோரையும் ஒரே சமயத்தில் கட்டுப்படுத்துகிற விதிதான் நல்லவனைப் பிழைக்க வைக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை, உங்களிடம். நாம் நடுத்தர வர்க்கத்துக்காரர்கள். மலிவாக டிக்கெட் வாங்கினால் நாலு பேரிடம் சொல்லி மகிழுகிறவர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் 3,000 ரூபாய் டிக்கெட்டின் மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எண்ணெய் விலை உங்களுக்காகக் குறையவில்லை. விமானி உங்களுக்காகக் குறைந்த சம்பளம் வாங்கவில்லை. அதே விமானத்தில், உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால், யாரோ ஒருவன் உங்கள் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் ஆறுதல் சொல்லச் சொல்லவில்லை. அவனுக்கு நியாயமான விலை வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள். எழுதுங்கள், உங்கள் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் கேளுங்கள். என்றாவது ஒரு நடுராத்திரியில், அந்த இருக்கை உங்களுக்குத்தான்.